அழைப்பிதழில் பெயர் உண்டு, கணக்கில் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

கலையையும் காசையும் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் எட்டை எடுத்துக்கொண்டோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு வயதிலிருந்து பரதம் பழகுகிறாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் வரை முடித்துவிட்டாள். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை நடனத்தை நிறுத்திவை என்று மச்சாள்மார் சொல்லுகிறார்கள். "ஆடிச் சாப்பிடலாமோ?" என்றும் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்? — ஒரு தாய், வெள்ளவத்தை

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இந்த வயதில் பிள்ளையின் உடம்பு மாறுகிறது. முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் திசையிலேயே வெளிப்புறம் திரும்பி நிற்பதற்கு இடுப்பு மூட்டின் விரிவும் தொடைத் தசையின் பலமும் வேண்டும். பயிற்சி விட்டால் இவை சில மாதங்களிலேயே குறைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து வரும் பிள்ளைக்கு பழகிய உருப்படி (ஒரு முழு ஆடல்) நினைவிருக்கும், உடம்பு இடங்கொடாது. பழைய வேகத்தில் ஆட முயலும்போது முழங்கால் உள்நோக்கிச் சரியும். வலி அங்கேதான் தொடங்குகிறது. அந்த வலியோடுதான் பல பிள்ளைகள் நடனத்தை அடியோடு விட்டுவிடுகிறார்கள்.

கிழமையில் ஒரு வகுப்பு, வீட்டில் மூன்று நாட்கள் 40 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்க. அடுத்த 15 நிமிடம் அடிப்படை அசைவுகளான தட்டடவும் நாட்டடவும் மூன்று காலத்திலும். மிச்ச நேரத்தில் பழகிய உருப்படி ஒன்று. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களில் வகுப்பை இரு கிழமைக்கு ஒன்றாக்கலாம், வீட்டுப் பயிற்சியை விடக்கூடாது. இதெல்லாம் சேர்த்துக் கிழமைக்கு மூன்று மணித்தியாலத்தைத் தாண்டாது. ஒரே பாடத்துக்கு இரண்டு டியூஷன் போகும் பிள்ளையென்றால் அந்த மூன்று மணித்தியாலத்தை அங்கிருந்து எடுக்கலாம்.

சாதாரண தரத்தில் அழகியல் பாடமாக நடனத்தையே எடுத்திருக்கிறாள் என்றால் பாதிப் பாடம் ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது. ஆடத் தெரிந்த பிள்ளைகள் புள்ளி இழப்பது எழுத்தில்தான். 28 ஒற்றைக் கை முத்திரைகளையும் கையால் காட்டுவார்கள், பெயரை வரிசையாக எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். தாளச் சொற்கட்டான ஜதியைத் தாள அங்கம் பிரித்து எழுதுவதிலும் அதே சிக்கல். கிழமைக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும்.

"ஆடிச் சாப்பிடலாமோ" என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறோம். மேடை ஊதியத்தை மட்டும் நம்பிக் கொழும்பில் வாழ்வது மிகக் கடினம். கற்பித்தலோடு சேர்த்தால் பலர் வாழ்கிறார்கள். பாடசாலை ஆசிரியர் வேலைக்குப் பட்டம் உதவும். தமிழில் படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1975இல் இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த பிரிவும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உயர் தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான அறிவித்தல் வரும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல பெறுபேறு இருந்தும் அந்த வருடம் போய்விடும்.

அவள் கணிதப் பிரிவுக்குப் போனாலும் பரவாயில்லை. கிழமைக்கு மூன்று மணித்தியாலம் அங்கேயும் கிடைக்கும்.

மிருதங்கம் வாசிக்கிறேன். நடன நிகழ்ச்சிகளுக்கும் கோயில்களுக்கும் கூப்பிடுகிறார்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் வாய் வராமல் "பார்த்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிடைப்பது போக்குவரத்துக்கே காணாது. சில இடங்களில் "இது சேவைதானே, தம்பி" என்கிறார்கள். எப்படிக் கேட்பது? — கொட்டாஞ்சேனை

"பார்த்துச் செய்யுங்கோ" என்ற சொல்லை இன்றோடு விடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்பவருக்கு உங்கள் வேலையின் அளவு தெரியாது. மேடையில் இரண்டரை மணித்தியாலம் இருந்ததை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். பார்க்காததை எப்படிப் பார்த்துச் செய்வார்? எல்லாச் செலவும் முடிந்தபின் கையில் மிஞ்சியதைக் கடித உறைக்குள் வைக்கிறார். பெரும்பாலும் அதில் வஞ்சகமில்லை. அவருக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவும் இல்லை.

முதலில் நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அரங்கேற்றத்தை எடுப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகை 8, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், ஆக 24. போய்வர ஒரு தடவைக்கு 2 மணித்தியாலம், ஆக 16. வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் வரும் தாளக் கோவைகளான தீர்மானங்களையும் குரு தந்த ஜதிகளையும் வீட்டிலிருந்து பாடமாக்க 10. நிகழ்ச்சி நாளில் ஒலிச் சரிபார்ப்பு முதல் வீடு திரும்பும்வரை 7. மொத்தம் 57 மணித்தியாலம். ஊதியம் 50,000 ரூபாய் என்று வைத்தால் ஒன்பது பயணத்துக்கு 1,500 வீதம் 13,500 போகும். தோல் மாற்றுவதற்கு 5,000 ஒதுக்கவேண்டும். மிச்சம் 31,500. அதை 57ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 553 ரூபாய். 50,000 என்று கேட்கக் கூச்சப்பட்ட உங்களுக்கு இந்த 553 கூச்சத்தைப் போக்கும்.

தோலுக்கு ஒதுக்குவதை ஒருபோதும் விடாதீர்கள். கொழும்பின் கடற்காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் தோல் நெகிழ்ந்து சுருதி இறங்கும். வாரை இழுத்து ஏற்றுவீர்கள், குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனதும் தோல் காய்ந்து சுருதி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் வலது பக்கமான வலந்தலையின் கரணை (நடுவிலுள்ள கறுப்புச் சாந்து) வெடித்து உதிரத் தொடங்கும். ஒரு மூட்டு (தோல் மூடி) எத்தனை கச்சேரி தாங்கியது என்று குறித்துவைத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு தேய்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஆண்குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதி, பெண்குரலுக்கு நாலரை, ஐந்து என்று போவதால் இரண்டு மிருதங்கமாவது வேண்டும். அந்த இரண்டாவதும் உங்கள் முதலீடுதான்.

பிறகு ஒரு பக்கக் கடிதம் தயாரித்துக் கைபேசியில் வைத்திருங்கள். திகதி, மண்டபம், நேரம். ஒத்திகை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மணித்தியாலம், கூடினால் ஒன்றுக்கு எவ்வளவு. போக்குவரத்து ஊதியத்துக்குள் அடங்குமா, தனியா. ஒப்புக்கொள்ளும்போது மூன்றிலொரு பங்கு முற்பணம், மிச்சம் மேடையேறுமுன். நிகழ்ச்சிக்கு முந்திய இரண்டு கிழமைக்குள் அதை நிறுத்தினால் முற்பணம் திரும்பாது. ஒலி, ஒளிப்பதிவு குடும்பப் பாவனைக்கு மட்டும், வெளியிடுவதானால் முன்கூட்டியே கேட்கவேண்டும். இவ்வளவும் போதும். கேட்பவர் விலை பேசினால் தொகையைக் குறைக்காதீர்கள், ஒத்திகையின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். வேலை குறையாமல் காசு மட்டும் குறைந்தால் அடுத்த முறை அதுவே உங்கள் விலையாகிவிடும்.

பணம் குருவின் கைவழியே வருவதானால் அவரிடமும் இந்தக் கடிதத்தையே கொடுங்கள். மரியாதைக் குறைவில்லை. பெற்றோருக்கு ஒரு தாள் காட்ட அவருக்கும் உதவும்.

சேவையைப் பற்றி: கோயிலில் காசு வாங்காமல் வாசிப்பது உங்கள் நேர்த்திக்கடன். அதை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள், அழைப்பவர் அல்ல. வருடத்தில் இத்தனை நாள் என்று நீங்களே வைத்துக்கொண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களுக்கு ஒரு சோதனை. பந்தல்காரர், சவுண்ட்காரர், ஜெனரேட்டர்காரர், பூக்காரர் எல்லோரும் சும்மா செய்கிறார்களா? அப்படியென்றால் நீங்களும் மனமுவந்து வாசியுங்கள். அவர்களுக்குப் பற்றுச்சீட்டும் உங்களுக்குப் பொன்னாடையும் என்றால் அது சேவையாகாது.

மகளின் அரங்கேற்றத்துக்கு 12 இலட்சம் சேர்த்திருக்கிறோம். மேடை அலங்காரம், 350 பேருக்கு இராச் சாப்பாடு, கிரேன் கேமராவோடு வீடியோ, அழைப்பிதழ், நாலு உடுப்பு என்று பட்டியல் போட்டதில் பக்கவாத்தியத்துக்குக் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. எங்கே குறைக்கலாம்? — ஒரு தந்தை, தெஹிவளை

நீங்கள் கேட்டதற்கு நன்றி. பலர் நிகழ்ச்சி முடிந்தபின்தான் இதை யோசிக்கிறார்கள்.

பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள். பிள்ளையின் ஆட்டம் எதில் நிற்கிறது? தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் அல்லது வீணை. அடுத்தது, இவர்களோடு அவள் சேர்ந்து எத்தனை தடவை ஆடிப் பார்த்தாள் என்பது. அதற்கு அடுத்ததாக ஒலி, அதன்பின் தரை, ஒளி. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால். எங்கள் கணக்கில் குருவுக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஒத்திகைக்கும் 5.5 இலட்சம். மண்டபம், ஒலி, ஒளி 3. உடை, நகை, ஒப்பனை 1.5. வீடியோ 1. அழைப்பிதழ், மாலை, சிற்றுண்டி சேர்த்து 1. இராச் சாப்பாடு இதில் இல்லை. வடையும் தேநீரும் கொடுத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். 350 பேரின் சாப்பாட்டுக்குப் போகும் காசில் ஐந்து கலைஞர்களின் ஊதியத்தை இரட்டிப்பாக்கலாம்.

முழுக்குழுவோடு குறைந்தது நான்கு ஒத்திகை வேண்டும். கடைசி ஒன்று அதே மேடையில், அதே உடையோடு. ஒரே ஒத்திகையோடு மேடையேறினால் எங்கே உடையும் தெரியுமா? வர்ணத்தில். 35, 40 நிமிடம் ஓடும் உருப்படி அது. ஒரே வரிக்கு வெவ்வேறு பாவம் காட்டும் சஞ்சாரியில் பாடகர் ஒரே வரியை எத்தனை தடவை பாடுவார் என்பது கண்ணால் பேசித் தீர்மானிக்கிற காரியம். பழக்கமில்லாவிட்டால் பிள்ளை கை முத்திரையோடு காத்திருப்பாள், அல்லது அவள் முடிக்குமுன் பாடகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

ஒலிக்கு, பாடகருக்கு ஒன்று, நட்டுவனாருக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு தலைக்கும் தனித்தனி, வயலினுக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று என்று ஆறு மைக் வேண்டும். அதைவிட முக்கியம் மேடைக்குள் திரும்பி நிற்கும் ஒலிபெருக்கிகள். ஒன்று வாத்தியக் குழுவைப் பார்த்து, மற்றது மேடையோரத்தில் ஆடும் பிள்ளையைப் பார்த்து. இது இல்லாவிட்டால் மண்டபத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் அவள் கேட்பாள். அது ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தி வரும். கால் தாளத்துக்குப் பிந்துகிறது என்று சபை நினைக்கும், குற்றம் காலில் இல்லை. சபை வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே ஒலியைச் சரிபார்த்து முடிக்கவேண்டும்.

மண்டபத்தை எடுக்குமுன் மேடையில் வெறுங்காலோடு தட்டிப் பாருங்கள். பலகைத் தரை நல்லது. கொங்கிரீட்டின் மேல் டைல் பதித்த தரையில் இரண்டரை மணித்தியாலம் தட்டினால் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலிக்கும். அதை மறைக்கத் தடித்த கம்பளம் விரித்தால் சலங்கையும் விரலும் சிக்கும், தட்டின் ஓசையும் அமுங்கிப்போகும். ஒளியில் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. முன்னால் இரு பக்கமிருந்தும் சாய்வாக விழும் வெள்ளொளி முகத்தின் பாவத்தைக் காட்டும். அபிநயத்தில் சிவப்பும் நீலமும் மாறிமாறி அடித்தால் கண் தெரியாது.

வீடியோவுக்கு அசையாத இரண்டு கேமரா போதும். ஒன்று தலையிலிருந்து பாதம் வரை எப்போதும் முழு உடம்பையும் பிடிக்கட்டும். மற்றது முகத்துக்கு. கலியாண வீடியோ எடுத்துப் பழகியவர்கள் தீர்மானம் ஆடும்போது முகத்துக்குப் போய்விடுவார்கள், பத்து வருடம் பழகிய கால் பதிவில் இருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒலியைக் கேமராவின் மைக்கில் எடுக்காமல் சவுண்ட்காரரின் மிக்சரிலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். கிரேன் சபையின் கண்ணை மறைக்கும், வேண்டாம்.

உடுப்பு இரண்டு போதும். வர்ணம் முடிந்து உடை மாற்ற 12 நிமிடமாவது ஆகும். உரைகளை அந்த இடைவெளிக்குள் அடக்குங்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று ஒவ்வொருவராக முக்கால் மணித்தியாலம் பேசினால் வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்த பிள்ளைதான் பதத்துக்கும் தில்லானாவுக்கும் வரவேண்டியிருக்கும். தசை பிடிப்பது அப்போதுதான்.

அக்ரிலிக்கில் வரைகிறேன். கலா பொல என்ற வீதியோர ஓவியச் சந்தையில் இடம் எடுத்து விற்க ஆசை. "இது கையால் வரைந்ததுதானே, பிரிண்ட் 2,000க்கு வாங்கலாமே" என்கிறார்கள். விலை எப்படிப் போடுவது? — பம்பலப்பிட்டி

கலா பொல 1993இலிருந்து ஜோர்ஜ் கீற் மன்றத்தால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையோரம் நடத்தப்படுகிறது. மரநிழலில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடம். அங்கே விலை தடுமாறினால் முகத்தில் தெரியும். ஆகவே வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள்.

சதுர அங்குலக் கணக்கு எளிது. உங்கள் தரத்துக்கு ஒரு சதுர அங்குலம் 60 ரூபாய் என்று வைப்போம். 18க்கு 24 அங்குலப் படம் 432 சதுர அங்குலம், 25,920 ரூபாய். 12க்கு 16 என்றால் 192, 11,520 ரூபாய். சட்டம் தனி. பொருட்செலவையும் மணித்தியாலத்தையும் கூட்டிப் பார்த்து இந்தத் தொகை அதற்குக் கீழே போகிறதென்றால் 60ஐ ஏற்றுங்கள். எந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கும், எதை வரைய அதிகம் கஷ்டப்பட்டீர்கள் என்பதைக் கொண்டு விலை போடாதீர்கள். வாங்குபவருக்கு அது தெரியாது, பட்டியல் ஒழுங்கற்றதாகத்தான் தெரியும்.

வீதியில் ஒரு விலை, காட்சிக்கூடத்தில் ஒரு விலை என்று வைக்கக்கூடாது. காட்சிக்கூடம் விற்ற விலையில் தன் கழிவை எடுக்கும். அந்தப் பங்கையும் தாங்கும்படி முதலிலேயே விலையை வையுங்கள். பிற்பகல் நான்கு மணிக்கு விற்காத படத்தைப் பாதி விலைக்குக் கொடுக்கும் ஆசை வரும். காலையில் முழு விலைக்கு வாங்கியவர் நாளை அதை அறிவார், பிறகு உங்களிடம் வரமாட்டார். காசில்லாமல் ஆசையோடு நிற்பவருக்காகத் தாளில் வரைந்த சிறு படங்களைக் கொண்டுபோங்கள், அல்லது இரண்டு தவணையில் வாங்கச் சொல்லுங்கள்.

பிரிண்டோடு ஒப்பிடுகிறவரிடம் வாதாட வேண்டாம். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். தலைப்பு, ஊடகம், அளவு, வருடம், கையொப்பம் எல்லாம் அங்கே இருக்கவேண்டும். அதேபோல ஒரு சான்றுத் தாளும் கொடுங்கள். படத்தை விற்றால் படம்தான் கைமாறும். அதை நாட்காட்டியிலோ சேலையிலோ அச்சடிக்கும் உரிமை தானாகப் போய்விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பதிவு செய்யாமலே படைத்தவுடன் பிறக்கிறது, படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் நிற்கிறது. யாராவது சொல்லி வரைவிக்கிறார் என்றால் மட்டும், உரிமை யாருக்கு என்பதைத் தூரிகை எடுக்குமுன் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

தாளில் வரைந்ததென்றால் வாங்குபவரிடம் ஒன்று சொல்லியனுப்புங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, இடையில் மவுண்ட் அட்டை வேண்டும், மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டக்கூடாது. இந்த ஊரின் ஈரத்தில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் நாடகக் குழு டிக்கெட் போட நினைக்கிறது. "தமிழ் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து யார் வருவார்கள், அனுமதி இலவசம் என்று போடுங்கள்" என்கிறார்கள். — வத்தளை

இதே நகரத்தில் சிங்கள நாடகத்துக்குச் சபை டிக்கெட் வாங்கித்தான் போகிறது. மருதானை டவர் மண்டபம் 1911இல் திறக்கப்பட்ட காலத்திலேயே அந்தப் பழக்கம் இருந்தது. நம் சபைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கட்டியெழுப்ப மூன்று, நான்கு மேடையேற்றம் எடுக்கும்.

300 ஆசனம், மண்டபமும் ஒலி ஒளியும் 2,50,000, ஐந்து கலைஞர்களுக்கு 40,000 வீதம் 2,00,000 என்று வைப்போம். மொத்தம் 4,50,000. எழுபது வீதம் நிரம்பும் என்றால் 210 பேர். ஓர் ஆசனத்தின் அசல் செலவு 2,143 ரூபாய். பாதியை விளம்பரதாரர் தாங்கினால் 1,071. ஆக 1,000, 1,500 என்று இரண்டு விலை, மாணவருக்கு 300. டிக்கெட்டின் பின்பக்கத்தில் "இந்த ஆசனத்தின் செலவு 2,143 ரூபாய்" என்று அச்சடியுங்கள். இலவசம் என்று போடுகிறபோது மறைந்துபோவது இந்த எண்தான்.

நாடக எழுத்துருவுக்கு அரச அனுமதி முன்கூட்டியே பெறவேண்டும், அதற்கு நாள் எடுக்கும். டிக்கெட் விற்குமுன் மாநகர சபையில் களியாட்ட வரி விடயத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். முன்வரிசை மூன்றையும் பிரமுகர்களுக்கு வைத்து வெறுமையாக விடாதீர்கள். ஐந்தரை என்று போட்டால் ஐந்தரைக்குத் திரை விலகட்டும். காசு கொடுத்தவர் நேரத்துக்கு வருவார், ஒருமுறை காக்கவைத்தால் இரண்டாம் முறை வரமாட்டார்.

அந்தக் காலத்தில் கலைஞர்கள் வாழவில்லையா? இப்போது மட்டும் ஏன் கலை நட்டத்தில் ஓடுகிறது? — ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழும்பு 13

வாழ்ந்தார்கள், ஐயா. எப்படி என்பது கல்லில் வெட்டியிருக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடுவதற்கு 400 தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயரும், எந்தத் தெருவின் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும் கல்வெட்டில் இருக்கிறது. கூலி பங்காகக் கொடுக்கப்பட்டது, ஒரு பங்கென்பது வருடத்துக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்யவேண்டும், அவருக்குத் தகுதியில்லாவிட்டால் தகுதியான ஒருவரைத் தேடி நியமிக்கவேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு நாங்கள் சொன்ன ஒரு பக்கக் கடிதத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்திய முன்மாதிரி இது.

இலங்கையிலும் அப்படித்தான். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பகுதிக் கைவினைஞரை ஆராய்ந்து 1908இல் எழுதினார். ஓவியரும் உலோக வேலை செய்யும் கன்னாரும் தம் பணிக்கு ஈடாக நிலம் வைத்திருந்ததை அவர் விவரிக்கிறார். கூலி காசாக வராவிட்டாலும் சோறு உறுதி. நிலமும் மானியமும் போயின. அந்த இடத்துக்குச் சந்தை வந்தது. சந்தையில் கலைக்கு ஒரு பிறவிக் கஷ்டம் இருக்கிறது.

அதை 1966இல் வில்லியம் போமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் விளக்கினார்கள். தொழிற்சாலையில் ஒரு சட்டை தைக்க எடுக்கும் நேரம் இயந்திரத்தால் வருடாவருடம் குறைகிறது, அதனால் அங்கே சம்பளம் ஏற இடமுண்டு. நால்வர் வாசிக்கும் இசைக்கு இருநூறு வருடத்துக்கு முன்னும் நால்வர்தான், அதே நேரம்தான். நம் வர்ணத்தையும் பத்து நிமிடத்தில் ஆடிமுடிக்க முடியாது. ஆனால் கலைஞர் வாங்கும் அரிசியும் கொடுக்கும் வாடகையும் மற்றவர்களின் சம்பளத்தோடு சேர்ந்து ஏறுகின்றன. ஆகவே நேரடிக் கலை மற்றப் பொருட்களோடு ஒப்பிட வருடாவருடம் விலை கூடிக்கொண்டே போகும். கலைஞர் சோம்பேறி என்பதாலோ சபைக்கு இரசனை இல்லை என்பதாலோ அல்ல, வேலையின் இயல்பே அது. நுழைவுக் கட்டணம் மட்டும் அதைத் தாங்காது. அரசு, கோயில், சங்கம், வணிகர் என்று யாராவது மிச்சத்தைத் தாங்கவேண்டும். யாரும் தாங்காவிட்டால் கலைஞரே தாங்குகிறார். கொழும்பில் இப்போது நடப்பது இதுதான்.

பாட்டுகளை இணையத்தில் போட்டால் வருமானம் வருமா? — மட்டக்குளி

அதை நம்பி வேலையை விடவேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்திய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒலிப்பதிவு உரிமைப் பணம் கிடையாது. யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அதன்பின் நீள வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 வீதம் உங்களுக்கு. தமிழில் பாடும் புதியவருக்கு இது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நேர்த்தியாகப் பதிவான மூன்று பாட்டு இருந்தால் நிகழ்ச்சிக்கு அழைப்பவருக்கு அனுப்பலாம், அந்தப் பயன் உடனே கிடைக்கும். இன்னொருவரின் பாடல் வரியையோ மெட்டையோ போடுமுன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கலைஞன் அல்ல, கணக்காளன். மாதம் 5,000 ரூபாய் கலைக்கென்று ஒதுக்க முடியும். எங்கே கொடுத்தால் போய்ச்சேரும்? — கொழும்பு 6

இரண்டு மாதத்தைச் சேர்த்து 10,000 ஆக்கிக்கொள்ளுங்கள். அதில் 3,000க்கு டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு போங்கள். ஒரு பிள்ளையையும் கூட்டிப்போவது நல்லது. 2,000க்கு ஒரு புத்தகத்தை வெளியீட்டு விழாவில் அட்டை விலைக்கே வாங்குங்கள். எழுதியவர் தெரிந்தவர் என்றாலும் இலவசப் பிரதி வாங்காதீர்கள். ஐந்நூறு பிரதி அச்சிட்டு நூறை நண்பருக்குக் கொடுத்தால் அவருக்கு அடுத்த புத்தகம் இல்லை. மிச்சம் 5,000ஐ, கட்டணம் கட்டமுடியாமல் வகுப்பை விடப்போகும் ஒரு பிள்ளைக்காக ஆசிரியரிடம் நேரே கட்டுங்கள். யார் கட்டுகிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டாம், எத்தனை மாதத்துக்குக் கட்டுவீர்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியட்டும். பாதியில் நின்றால் பிள்ளைதான் நிற்கும்.

காசைவிட நீங்கள் கொடுக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது. உங்கள் ஊர்ச் சபையிலோ கோயிலிலோ நிகழ்ச்சிக் கணக்கைப் பார்த்துக் கொடுக்க முன்வாருங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் மண்டபத்துக்கும் மலருக்கும் மேலே, முதல் வரியாகக் "கலைஞர் ஊதியம்" என்று எழுதுங்கள். காசோலைகளை நிகழ்ச்சிக்கு முதல் நாளே எழுதி, திரை விலகுமுன் கையில் கொடுக்கச் செய்யுங்கள்.